பத்தாவது பிள்ளை

மார்ச் மாதம் பிறந்துவிட்டால் எங்கள் அப்பா பிள்ளை பிடிக்கக் கிளம்பிவிடுவார். பயந்துவிட வேண்டாம், சாக்குப்பையோடு திரிகிற ஆள் இல்லை. அந்தமானில், ரங்கத் என்கிற ஊரில் ஓர் அரசுப் பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பிரிவு வாத்தியார். எந்தெந்தத் தமிழ் வீட்டில் ஒன்றாம் வகுப்பில் சேரும் வயதில் பிள்ளை இருக்கிறது என்று விசாரித்து, அந்த வீட்டு வாசலில் போய் நின்று, தமிழ் வகுப்பில் சேருங்கள் என்று கேட்க வேண்டும். அதற்கு வாத்தியார்கள் வைத்த பெயர்தான் பிள்ளை பிடிக்கிறது. சொல்லும்போது சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். நான் ஐந்தாம் வகுப்பு முடித்த வருடம் மட்டும் அப்பா சிரிக்கவில்லை.

எங்கள் பள்ளிக்கூடத்தைப் பற்றி கடலுக்கு அந்தப் பக்கம் மெயின்லேண்டில் இருப்பவர்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். ஒரே கட்டடம், ஒரே மணி, ஒரே பிரேயர். பிரேயர் முடிந்ததும் ஹிந்திப் பிள்ளைகள் ஒரு வகுப்புக்கும் வங்காளிப் பிள்ளைகள் ஒரு வகுப்புக்கும் நாங்கள் ஒரு வகுப்புக்குமாகப் பிரிந்து போவோம். மதிய மணி அடித்தால் மறுபடி எல்லோரும் ஒன்று. விளையாட்டு ஹிந்தியில், சண்டை ஹிந்தியில், சமாதானமும் ஹிந்தியில். இதில் தமிழ் வகுப்புதான் வருடத்துக்கு வருடம் சுருங்கிக்கொண்டே வந்தது. என் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் உட்கார்ந்தால் ஒரு பெஞ்சும் அடுத்த பெஞ்சில் பாதியும் நிரம்பும், அவ்வளவுதான்.

முந்தின வருடம் போர்ட் பிளேரிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். (போர்ட் பிளேருக்கு இப்போது வேறு பெயர் வைத்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் இன்னும் போர்ட் பிளேர்தான்.) அடுத்த முறை வரும்போது ஒன்றாம் வகுப்பில் பத்துப் பிள்ளையாவது இருக்க வேண்டும், இல்லையென்றால் தமிழ்ப் பிரிவை மூடி, இருக்கிற பிள்ளைகளை ஹிந்தியோடு சேர்த்துவிடுவோம், வாத்தியாரைத் தெற்கே ஏதாவது ஒரு தீவுக்கு மாற்றிவிடுவோம் என்று டீயை ஆற்றிக் குடித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனிதர்தான். டீ நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார்.

தெற்கே என்றால் லேசில்லை. ரங்கத்திலிருந்து போர்ட் பிளேர் போக ஒரு பகல் பஸ், அங்கிருந்து கப்பல், கடல் சரியில்லையென்றால் கப்பலும் இல்லை. போன மனுஷன் பண்டிகைக்கு வருவாரா, மழைக்கு முன்னால் வருவாரா என்று துறைமுகத்தில் விசாரித்துக்கொண்டு கிடக்க வேண்டும். அப்படி ஒரு குடும்பம் எங்கள் தெருவிலேயே இருந்தது. அந்த வீட்டுப் பிள்ளைகள் அவர்களுடைய அப்பாவிடம் 'வாங்க, போங்க' என்று விருந்தாளியிடம் பேசுவதுபோலப் பேசும். 

ஆகவே அந்த மார்ச்சில் அப்பா என்னையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டார். காரணம் இருந்தது. எந்த வீட்டுக்குப் போனாலும், தண்ணீர் கொடுத்து உட்காரவைத்த கையோடு, "சார், உங்க பாப்பா எதுல படிக்குது?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அப்பா அதற்காகவே காத்திருந்தவர்போல என்னை முன்னால் தள்ளுவார். "இந்தா நிக்கிதுல்ல, தமிழ்லதான். நீங்களே கேட்டுப் பாருங்க." துணிக்கடை வாசலில் தொங்குகிற மாதிரிச் சட்டை நான்தான்.

அந்தந்த வீட்டில் மெயின்லேண்டிலிருந்து சாமான் சுற்றி வந்த தமிழ்ப் பத்திரிகைத் தாள் ஏதாவது கிடக்கும். அப்பா அதை நீவி என் கையில் கொடுப்பார். என்ன செய்தியோ, எந்த மாதத்துச் செய்தியோ, நான் கடகடவென்று வாசிக்க வேண்டும். நகை விலை, நீதிமன்றத் தீர்ப்பு, மாரடைப்பைத் தடுக்கும் கீரை, எல்லாம் வாசித்திருக்கிறேன். அடுத்து ஒரு பெருக்கல் கணக்கு. கடைசியாக ஒரு ஹிந்திக் காலண்டரையோ மருந்துச் சீட்டின் பின்புறத்தையோ காட்டி, அதையும் படிக்கச் சொல்வார். தமிழில் படிக்கிற பிள்ளைக்கு ஹிந்தி வராது என்று யாரும் சொல்லிவிடக் கூடாதல்லவா.

பார்க்கிறவர்களுக்கு வேடிக்கையாக இருந்திருக்கும். எனக்கு இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு வார்த்தையில் நாக்குத் தடுக்கினால் ஒரு பிள்ளை போச்சு, பத்துப் பிள்ளை சேராவிட்டால் அப்பா போச்சு என்று எனக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது. யாரும் அப்படிச் சொல்லவில்லை. நானாகவே போட்டுக்கொண்ட கணக்கு. பள்ளிக்கூடத்தில் தப்பாக வாசித்தால் அப்பா ஸ்கேலை எடுப்பார். அந்த வீடுகளில் நான் தடுமாறினால் அவர் சிரிப்பார், அந்தச் சிரிப்பு எனக்கு ஸ்கேலைவிடப் பயமாக இருந்தது.

பஜாரில் சிமெண்டும் கம்பியும் விற்கிற ஒரு கான்ட்ராக்டர் வீட்டுக்குப் போனோம். பரமக்குடிப் பக்கத்து ஆட்கள். அப்பாவுக்குச் சொந்த ஊர்க்காரர்கள் என்பதால் கட்டாயம் பிள்ளையைத் தருவார்கள் என்ற நம்பிக்கையோடு போனார். அந்த அம்மா எனக்குப் பிஸ்கட் எல்லாம் கொடுத்தார். நான் வாசித்து முடித்ததும் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். பிறகு அப்பாவிடம் சொன்னார்: "எட்டாவதுக்கு மேல இங்க தமிழே கிடையாதே சார். அதுக்கப்புறம் புள்ளைய எங்க கொண்டுபோய் விடுறது?"

"அதுக்குள்ள பன்னெண்டாவது வரைக்கும் வந்துரும்மா. கேட்டுக்கிட்டுத்தான இருக்கோம்" என்றார் அப்பா.

அந்த அம்மா தலையை ஆட்டினார். அது சம்மதமா மறுப்பா என்று வெளியே வந்த பிறகும் எங்களுக்குத் தெரியவில்லை. மறுநாள் அந்தப் பையன் கழுத்தில் டை கட்டி, தனியார் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்து வேனில் போவதைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

பஸ் டிரைவர் ஒருவர் வீட்டில் வேறு மாதிரி. அவர் வாசலிலேயே நிற்கவைத்துப் பேசினார். "மாஸ்டர்ஜி, நான் ஒண்ணு சொல்றேன், குஸ்ஸா ஆகாதீங்க. தமிழ்ல படிச்சா சர்க்காரி நௌக்ரி, கவர்மெண்ட் வேலை, எவன் குடுப்பான்? மேல போகப் போக புஸ்தகமும் கிடைக்கல, வாத்தியாரும் கிடைக்கலன்னு எங்க அண்ணன் பையன் அழுவுறான்." அப்பா கோபப்படவில்லை. புத்தகம் கப்பலில் வரக் கொஞ்சம் தாமதமாகும், ஆனால் வந்துவிடும் என்றார். வாத்தியார் இல்லையென்றால் நானே மேல் வகுப்புக்கும் சேர்த்து எடுப்பேன் என்றார். ஹிந்தி பயமா, இந்தப் பிள்ளையைப் பாருங்கள் என்று என்னைத் தேடினார். நான் அப்போது அவர்கள் முற்றத்தில் காயப்போட்டிருந்த பாக்கில் கால் வைத்துவிட்டு, எப்படி எடுப்பதென்று தெரியாமல் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தேன். டிரைவர் சிரித்துவிட்டார். போனால் போகிறது என்று இரண்டு மகள்களில் இளையவளைத் தருவதாகச் சொன்னார். என் வாழ்க்கையில் நான் படிக்காமல் ஜெயித்தது அது ஒன்றுதான்.

தோட்டத்து லைன் வீடுகளுக்கும் போனோம். அங்கே இருந்தவர்களின் பெற்றோர் சிலோன் மலையில் கொழுந்து பறித்தவர்கள். இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டு, கப்பல் ஏறி, மறுபடி ஒரு தோட்டத்திலேயே வந்து சேர்ந்தவர்கள். பேச்சில் இன்னும் அந்த மலை இருந்தது. ஓர் அம்மாவுக்கு இரட்டைப் பிள்ளைகள். அவர் அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுத் தான் நின்றுகொண்டே பேசினார். "எங்களுக்கு எழுத்து வாசிப்பு ஒண்ணுந் தெரியாதுங்க சார். ஊட்டுல சொல்லிக்குடுக்க ஆளு இல்ல. புள்ளைங்க கேட்டா நாங்க என்னாத்த சொல்லுவோம்?"

"நான் எதுக்கும்மா இருக்கேன்? சாயந்திரம் என் வீட்டுக்கு அனுப்புங்க. என் புள்ளையோட உக்காந்து படிக்கட்டும்."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் தாளைப் பிடித்து வாசிக்க ஆரம்பித்தேன். பாதியில் ஒரு வார்த்தை வந்து குறுக்கே படுத்துக்கொண்டது. 'அருங்காட்சியகம்' என்று நினைக்கிறேன். இரண்டு தடவை முட்டி மோதினேன். காது சூடாகிவிட்டது. இரட்டைப் பிள்ளைகளும் போச்சு என்று நினைத்து அழ இருந்தேன். அந்த அம்மா, "பாவம், மூச்சு வாங்குது பச்சப்புள்ளைக்கு" என்று கையிலிருந்த தாளை வாங்கி மடித்து வைத்துவிட்டு, இரண்டையுமே சேர்க்கிறேன் என்றார். அப்படி ஒன்பது ஆயிற்று.

ஒன்பதிலேயே நின்றுவிட்டது. ரங்கத்தில் அந்த வயதில் இருந்த தமிழ்ப் பிள்ளைகள் அத்தனையும் பார்த்தாயிற்று. அப்பா ஸ்கூட்டரை நிறுத்தி நிறுத்தி, தெரியாத வீடுகளின் கொடியில் சின்னச் சட்டை காய்கிறதா என்று பார்த்தார்.

இது இப்படியிருக்க, வீட்டில் இன்னொரு பேச்சு நடந்துகொண்டிருந்தது. எங்கள் பெரியம்மா, அம்மாவின் அக்கா, போர்ட் பிளேரில் டெய்ரி ஃபார்ம் என்கிற பகுதியில் இருந்தார். செல்போன் வீட்டுக்கு வீடு வர ஆரம்பித்த காலம். எங்கள் வீட்டில் தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறி நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். அம்மா ஒரு கையால் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அங்கே நின்று ஊருக்கே கேட்கிற மாதிரி ரகசியம் பேசுவாள். பெரியம்மா வீட்டுக்குப் பக்கத்தில் இங்கிலீஷ் மீடியத்தில் ஆறாம் வகுப்பில் ஒரு சீட்டு இருக்கிறதாம். ஏப்ரல் முதல் வாரத்துக்குள் பிள்ளையைக் கொண்டுவந்து விட வேண்டுமாம். பிள்ளை என்றால் நான்.

அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "என் புள்ளைய அங்க அனுப்பிட்டு, ஊரு புள்ளைய எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேப்பேன்?"

"ஊரு புள்ளைக்காக நம்ம புள்ளையப் பணயம் வைப்பீகளோ? எட்டாவது முடிச்சுட்டு அவ எங்க போவா? அன்னிக்கும் இதே அக்கா வீட்டு வாசல்லதான நிக்கணும்? இப்பவே போனா இங்கிலீஷாவது வரும்."

"அவ என்னய விட்டுப் போனா ஒன்பதும் போயிரும், பாத்துக்க."

இதை அவர் மாட்டேன் என்பதற்காகச் சொன்ன சாக்கு என்று யாரும் நினைக்க வேண்டாம். உண்மையாகவே போய்விடும். அந்த ஒன்பது பிள்ளைகளின் வீட்டிலும் என்னைக் காட்டித்தான் பிள்ளை வாங்கியிருந்தார். எனக்கோ போக விருப்பமே இல்லை. பெரியம்மா வீட்டில் சோறு கரண்டியால் சாப்பிட வேண்டும், டிவிக்கு மேலே துணி போர்த்தியிருக்கும், எதைத் தொட்டாலும் "மெதுவா, மெதுவா" என்பார்கள். ஆகவே நான் மனதுக்குள் வேண்டிக்கொண்டது ஒன்றே ஒன்று. பத்தாவது பிள்ளை கிடைத்துவிட வேண்டும். கிடைத்துவிட்டால் பிரிவு நிற்கும், அப்பா நிற்பார், அப்பா நின்றால் நானும் நிற்பேன். பத்தாவது பிள்ளை எப்படியிருக்கும் என்று கற்பனை பண்ணிப் பார்ப்பேன். ஏதாவது ஒரு கப்பலில், மூக்கு ஒழுகிக்கொண்டு, யாராவது மாற்றலாகி வருகிற தமிழ் ஆபீசரின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கும் என்று நினைத்தேன்.

அது பக்கத்து வீட்டிலேயே இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பக்கத்து வீட்டில் ஒரு வங்காளி அம்மா. நாங்கள் மாஷி என்று கூப்பிடுவோம், அவர்கள் பாஷையில் சித்தி என்று அர்த்தம். பஜாரில் மீன் விற்பவர். காலையில் கடைக்குப் போகும்போது தன் மகன் கோகனை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போவார். நடக்கத் தெரியாத வயதிலிருந்து அவன் எங்கள் வீட்டில்தான் வளர்ந்தான். அதனால் அவனுக்கு அம்மாவின் ராமநாதபுரத்துத் தமிழ் அப்படியே வந்திருந்தது. வந்ததும் வராததுமாக அடுப்படியை எட்டிப் பார்த்து, "அத்தே, இன்னிக்கு என்ன வெஞ்சனம்?" என்பான். கேட்கிறவர்கள் வங்காளிப் பிள்ளை என்று சத்தியம் பண்ணினாலும் நம்பமாட்டார்கள். அவனுக்கு அப்போது ஐந்து வயது முடிந்திருந்தது.

திங்கட்கிழமை அதிகாரி வருகிறார் என்று தகவல் வந்துவிட்டது. வண்டிகளைக் கூட்டமாகச் சேர்த்துவிடுகிற காலைக் கான்வாயில் காட்டுப் பாதையைத் தாண்டி மதியத்துக்குமேல் வந்து சேருவார். ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்பா வாசலில் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே துடைத்ததைத்தான். அப்போது மாஷி வந்தார், ஒரு கையில் இலையில் சுற்றிய சுர்மாய் மீன், இன்னொரு கையில் கோகன். அவனுக்குத் தலை வாரி, பவுடர் போட்டு, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை மாட்டியிருந்தது.

"மாஸ்டர்ஜி, ஒரு பச்சா கம், ஒரு புள்ள குறையுதுன்னு பஜார்ல எல்லாரும் பேசுறாங்க" என்றார் மாஷி. "கோகனை எடுத்துக்கோங்க. உங்க கிளாஸ்லயே போட்டுடுங்க. அவன் உங்க பச்சாதானே."

எனக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்றது. அம்மா உள்ளேயிருந்து கரண்டியோடு ஓடிவந்தாள். "மகராசி! கடவுளே வந்த மாதிரி வந்தியே" என்று மாஷியின் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. நான் கோகனைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் யாராவது சிரித்தால் கூடச் சிரிக்கிற பையன் அவன், கெக்கெக்கே என்று சிரித்தான். பத்து! அதுவும் என்ன மாதிரிப் பத்து! அதிகாரி என்ன கேட்டாலும் தமிழில் பொரிந்து தள்ளுவான்.

அப்பா மட்டும் எழுந்திருக்கவில்லை. ஸ்கூட்டர்ச் சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டபடியே கோகனைக் கூப்பிட்டார். அவன் ஓடிப்போய் அவர் முழங்காலில் சாய்ந்துகொண்டான். "டேய், பெரிய பள்ளிக்கூடம் போறியாடா?" என்று கேட்டார். "போறேன் மாமா. அக்காவும் வருமா?" என்றான். அப்பா அவன் கழுத்துப் பொத்தானைக் கழற்றிவிட்டார். அவனுக்கு அது இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறது, பெரிதாக ஒரு மூச்சு விட்டான்.

"நஹீன் மாஷி" என்றார் அப்பா. "இவனத் தமிழ்ல போடாதீங்க. ஹிந்தில போடுங்க. இல்லன்னா உங்க பங்களா பாஷைல போடுங்க."

மாஷிக்கு விளங்கவில்லை. சாதியோ ஜாதகமோ ஏதோ தடுக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ, முகம் சுருங்கிப்போயிற்று. அம்மா, "என்ன சொல்றீக நீங்க, புத்தி கெட்டுப்போச்சா?" என்று கத்தினாள்.

அப்பா நிதானமாகத்தான் பேசினார். "வீட்டுல யாரு இவனுக்குச் சொல்லிக் குடுப்பா? உங்களுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. இவன் ஏதாவது கேட்டா நீங்க என்னத்தச் சொல்லுவீங்க?" என்றார். "எட்டாவதுக்கு மேல இங்க தமிழ் கிடையாது மாஷி. அதுக்கப்புறம் இவன எங்க கொண்டுபோய் விடுவீங்க? போர்ட் பிளேர்ல உங்களுக்கு யாரு இருக்கா?" என்றார். மேலே போகப் போகப் புத்தகம் நேரத்துக்கு வராது, பாடத்துக்கு வாத்தியார் இருக்கமாட்டார், பிள்ளை அழும் என்றார். "எனக்கு ஒரு ஆள் வேணுங்கிறதுக்காக இவன் வாழ்க்கைய வாங்கக் கூடாது."

நான் கோகனின் கையைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன். ஒவ்வொன்றாகக் காதில் விழ விழ, முதலில் யார் சொன்னது என்று எனக்குத் தெரிந்தது. இது கான்ட்ராக்டர் வீட்டு அம்மா சொன்னது. இது பஸ் டிரைவர் சொன்னது. இது இரட்டைப் பிள்ளைகளின் அம்மா நின்றுகொண்டே சொன்னது. எல்லாவற்றுக்கும் அப்பாவிடம் பதில் இருந்ததே! நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேனே! சாயந்திரம் என் வீட்டுக்கு அனுப்புங்கள் என்று சொல்ல வேண்டியதுதானே, அவன்தான் எப்போதும் நம் வீட்டிலேயே கிடக்கிறானே என்று கத்த வேண்டும்போலிருந்தது. 

மாஷிக்குக் கோபம் வந்துவிட்டது. ஆசையாகக் கொண்டுவந்து கொடுத்ததை வேண்டாமென்றால் யாருக்குத்தான் வராது? மகனின் கையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, "அச்சா. தமிழ் இவ்வளவு கராப், மோசம்னா, அப்ப உங்க பேட்டி?" என்று கேட்டார். "உங்க பொண்ணு எதுல படிக்கிறா மாஸ்டர்ஜி?"

அந்த மாதம் முழுக்க வீடுவீடாகக் கேட்ட கேள்வி. அப்பா பதிலுக்கு என்னைத்தான் முன்னால் தள்ளுவார். நானும் பழக்கத்தில் ஒரு அடி முன்னால் வந்து நின்றுவிட்டேன். கையில் தாள்கூட இல்லை.

அப்பா என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். 

மாஷி போய்விட்டார். கோபத்திலும் மீனைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகவில்லை. அதை வாசல்படியில் வைத்துவிட்டுப் போனார். அம்மா கொஞ்ச நேரம் அப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். சண்டை போடப் போகிறாள் என்று நினைத்தேன். போடவில்லை. மீனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதிகாரி வந்தார். ஒன்பது பிள்ளைகளும் எண்ணெய் வழிய உட்கார்ந்திருந்தன. அவர் இரண்டு தரம் எண்ணிப் பார்த்தார், வருத்தமாகத்தான் பார்த்தார். பிரிவை மூடினார்கள். அப்பாவைத் தெற்கே அனுப்பினார்கள். அந்த ஒன்பது பிள்ளைகளின் வீடுகளுக்கும் அப்பா மறுபடி ஸ்கூட்டரில் போய், பிள்ளைகளை ஹிந்தி வகுப்பில் தானே உட்காரவைத்துவிட்டுத்தான் கப்பலேறினார். இரட்டைப் பிள்ளைகளின் அம்மா அவருக்குப் பலாப்பழம் ஒன்று கொடுத்தனுப்பினாராம். கோகன் நன்றாகப் படித்தான். இப்போது கப்பலில் எஞ்சின் பக்கம் வேலை. லீவில் வந்தால் இன்றும் அம்மாவுக்குப் போன் பண்ணி என்ன வெஞ்சனம் என்றுதான் கேட்கிறான்.

நான் டெய்ரி ஃபார்முக்கு, பெரியம்மா வீட்டுக்குப் போனேன். முதல் வருடம் வகுப்பில் என்ன பேசுகிறார்கள் என்றே தெரியாது. கேள்வி கேட்டால் எழுந்து நிற்பேன், அவ்வளவுதான். கடகடவென்று வாசித்த வாய் பூட்டிக்கொண்டது. பெரியம்மா நல்லவர்தான், ஆனாலும் நான் அழுவது பாத்ரூமில்தான். அழும்போதெல்லாம் அப்பாவின் மேல்தான் ஆத்திரம் வரும். கைக்கு வந்த ஒரு பிள்ளையை, அதுவும் நம் வீட்டுப் பிள்ளையை, வேண்டாமென்று தள்ளிவிட்டாரே. தள்ளாமல் இருந்தால் அவரும் போயிருக்கமாட்டார், நானும் வந்திருக்கமாட்டேனே என்று பொருமுவேன். பல வருடம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது போர்ட் பிளேரில் மின்னி பே பக்கம் இருந்துகொண்டு என் மகனுக்கு எந்தப் பள்ளிக்கூடம், எந்த மீடியம் என்று ராத்திரி தூக்கமில்லாமல் புரளும்போதுதான், அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா மாஷியிடம் மட்டும் பேசவில்லை என்று படுகிறது. தன் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதை அவரால் அடுத்த வீட்டுப் பிள்ளைக்குத்தான் சொல்ல முடிந்தது. சொன்னபோது அது அவர் காதிலேயே விழுந்துவிட்டது.

அம்மாவுக்கு அப்போதே புரிந்திருக்கிறது. அன்று மீனை அடுப்படியில் வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, ஸ்டூலைப் போட்டு ஏறிப் பரணிலிருந்து பெட்டியை இறக்கினாள். தகரப் பெட்டி, மூலையில் துரு. நான் அழுதுகொண்டே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்பா தெற்கே போவதற்குத்தான் பெட்டி இறங்குகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஒன்பதுதானே, இனி வேறு என்ன? அழுதால் அம்மாவும் அழுவாள் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு உதவி செய்யத் தொடங்கினேன். கொடியிலிருந்த அப்பாவின் சட்டை இரண்டையும் மடித்துப் பெட்டியில் வைத்தேன். ஷேவிங் டப்பாவை வைத்தேன். மேஜையிலிருந்த சாக்பீஸ் பெட்டி, அவருக்கு அது இல்லாமல் ஆகாது என்று அதையும் வைத்தேன்.

அம்மா சட்டைகளை எடுத்து வெளியே வைத்தாள். ஷேவிங் டப்பாவை எடுத்தாள். சாக்பீஸ் பெட்டியை எடுத்து, கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, மேஜையிலேயே திரும்ப வைத்தாள். அப்பா மேல் அவ்வளவு கோபம், ஒரு சட்டையைக்கூட எடுத்துப்போக விடமாட்டேன் என்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு பீரோவைத் திறந்து, தீபாவளிக்கு எடுத்த என் பச்சைப் பாவாடையை நான்காக மடித்துப் பெட்டியின் அடியில் வைத்தாள். பாவம், கண் கலங்கிச் சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"அம்மா, இது என்னோடதும்மா" என்று சொல்லி, அதை எடுத்து அவள் கையில் திரும்பக் கொடுத்தேன்.